ஈஸ்டைச் சுற்றவிடுவது எதற்கு? ஒரு ஸ்டிர் பிளேட் பாடம்



போன எபிசோடில் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் என்னென்ன கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். போகிற போக்கில், "அதிலிருக்கும் காந்தத்தை வைத்து நான் பியருக்கு ஈஸ்ட் வளர்க்கிறேன்" என்று ஒரு வரி சொன்னேன். மற்ற ஒரு மணிநேரப் பேச்சை விட்டுவிட்டு எல்லாரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள்! வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரம் முழுப் பாடமாகவே எழுதுகிறேன்.

அந்த நேயர் இரண்டு தடவை 20 லிட்டர் பியர் காய்ச்சியிருக்கிறார். இரண்டும் பாதி வழியில் நின்றுவிட்டன. தொடக்கத்தில் 1.048 காட்டிய ஹைட்ரோமீட்டர் 1.028-க்குக் கீழே இறங்கவே இல்லை. சர்க்கரையில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. குடித்தால் பானகம் மாதிரி இருக்கிறதாம். மூன்றாவதும் இப்படியே போனால் பானை, பக்கெட் எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறார். "ஸ்டிர் பிளேட் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்.

ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஸ்டிர் பிளேட் ஒரே ஒரு பிரச்சினையைத்தான் தீர்க்கும்: உயிருள்ள ஈஸ்ட் போதாத பிரச்சினை. அவருக்கு இருப்பது அதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் தொழிலில் பக் எங்கே என்று தெரியாமல் சர்வரை மாற்ற மாட்டோம், இல்லையா?

அதற்கு முன் ஒரு வார்த்தை. வீட்டில் பியர் காய்ச்சுவது எல்லா ஊரிலும் சட்டப்படி சரி கிடையாது. பிரிட்டனில் 1963-இலிருந்து லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. அப்படியும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் இறங்கி வந்தன. தமிழ்நாட்டில் முடியாது. வளைகுடாவிலிருந்து கேட்பவர்கள் இதை ஃபேன், காந்தம் பற்றிய பாடமாக மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டீபக்

நேயருக்கு நான் சொன்ன முதல் வேலைக்குச் செலவே கிடையாது. அடுத்த தடவை காய்ச்சும்போது, ஆறிய வோர்ட்டில் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துக் கொதிக்கவைத்த இனிப்புச் சாறுதான் வோர்ட்) கால் லிட்டரைத் தனியாக ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள். அதில் ஈஸ்டைத் தாராளமாக, அளவுக்கு மீறியே போட்டு, கதகதப்பான இடத்தில் வைத்து, நினைத்தபோதெல்லாம் குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அது போகக்கூடிய எல்லை வரை போய் நின்றுவிடும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதை 'ஃபோர்ஸ்டு ஃபெர்மென்டேஷன் டெஸ்ட்' என்கிறார்கள். பெரிய மதுவடிப்பு ஆலைகளிலும் உண்டு.

அந்தக் கால் லிட்டரும் 1.026-இல் நின்றால் பழி ஈஸ்ட் மேல் இல்லை. வோர்ட்டிலேயே ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் இருக்கிறது. மால்ட்டை ஊறவைத்த சூடு 70 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், உங்கள் தெர்மாமீட்டர் பொய் சொல்லலாம். அப்போது ஸ்டிர் பிளேட் வாங்கினால் காசுக்குத்தான் கேடு. சின்ன பாட்டில் 1.012 வரை போய், பெரிய பக்கெட் மட்டும் 1.028-இல் நின்றால் வோர்ட் நன்றாக இருக்கிறது, ஈஸ்ட்தான் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். (பக்கெட் வைத்த இடம் குளிர்ந்து போயிருந்தாலும் இப்படி ஆகும். குளிர்காலத்து பேஸ்மென்ட் வாசிகள் அதையும் பார்த்துவிடுங்கள்.)

இன்னொன்று: ரிஃப்ராக்டோமீட்டரில் அளப்பவர்களுக்கு இந்த "நின்றுவிட்டது" என்ற பயம் அடிக்கடி வரும். ஆல்கஹால் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும். அதனால் நொதித்து முடிந்த பியரை அதில் வைத்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும். திருத்தக் கணக்குப் போடாமல் அந்த எண்ணை நம்பாதீர்கள். நம் நேயர் ஹைட்ரோமீட்டரில்தான் பார்த்திருக்கிறார், அவருக்கு இந்தச் சந்தேகம் இல்லை.

எத்தனை கோடி?

நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு ஸ்பூன் போதும். ஒரு அண்டா பாலுக்கும் அதே ஒரு ஸ்பூனை ஊற்றிவிட்டுக் காலையில் திறந்தால் என்ன ஆகும்? உறைந்தும் உறையாமல், கொழகொழவென்று, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். உறை பெருகிப் பாலைப் பிடிப்பதற்குள் வேறு கிருமிகள் இடம் பிடித்துவிடும். பியரிலும் கதை இதேதான். வித்தியாசம் என்னவென்றால், பியருக்கு வேண்டிய 'உறை' நாம் நினைப்பதைவிட ரொம்ப அதிகம்.

ஏல் வகைக்குப் புழக்கத்தில் உள்ள கணக்கு இது: ஒரு மில்லிலிட்டர் வோர்ட்டுக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு, ஏழரை லட்சம் ஈஸ்ட் செல். லாகருக்கு அதில் இரண்டு மடங்கு. பிளேட்டோ என்பது வோர்ட்டில் எடைக்கு எத்தனை சதவீதம் சாறு கரைந்திருக்கிறது என்ற அளவு, ஹைட்ரோமீட்டரின் 1.048-இல் கடைசி 48-ஐ நான்கால் வகுத்தால் 12, கிட்டத்தட்ட அதுதான் பிளேட்டோ. ஆக 20,000 மில்லி, 12 பிளேட்டோ, ஏழரை லட்சம். பெருக்கினால் 18,000 கோடி செல். லாகர் என்றால் 36,000 கோடி. பில்லியனில் 180, 360 என்று சொல்லிவிடலாம்தான். கோடியில் சொன்னால்தான் எனக்கு அதன் கனம் உறைக்கிறது.

இப்போது கடையில் வாங்கும் திரவ ஈஸ்ட் பாக்கெட்டைப் பாருங்கள். பல காலமாக ஒரு பாக்கெட்டில் சுமார் 10,000 கோடி செல் என்பதுதான் வழக்கம் (இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, லேபிளைப் பாருங்கள்). அதுவும் ஆலையை விட்டுப் புறப்பட்ட அன்று. ஃபிரிட்ஜில் வைத்தாலே மாதம் 20 சதவீதம் சாகும் என்பது ஹோம்பிரூவர்களின் பழைய தோராயக் கணக்கு. நல்ல பேக்கிங்கில் இன்னும் தாக்குப்பிடிக்கும். ஜூலை வெயிலில் டெலிவரி வேனில் இரண்டு நாள் கிடந்தால் அதைவிட மோசமாகும். இரண்டு மாதம் பழைய பாக்கெட்டில் 6,000 கோடி உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை 18,000. மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது.

அப்படியே கொட்டினாலும் பியர் ஆகத் தொடங்கும். 6,000 கோடி பெருகிப் பெருகித் தன் வேலையைச் செய்யப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் தாய் தன் சொத்தில் பாதியைக் குழந்தைக்குக் கொடுக்கிறது. அந்தச் சொத்தில் முக்கியமானவை ஸ்டெராலும் நிறைவுறாக் கொழுப்பு அமிலமும். செல்லின் மேல்தோலை நெகிழ்வாக வைத்திருப்பவை இவை. இவற்றைப் புதிதாகச் செய்ய ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். வோர்ட்டில் இருந்த கொஞ்ச ஆக்சிஜன் முதல் சில மணிநேரத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிட ஏழை. தோல் பலவீனமான செல் ஆல்கஹால் ஏற ஏறத் தாங்காது; சர்க்கரை சுற்றி நிற்கும்போதே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். 1.028-இல் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆக, ஈஸ்ட் குறைவாக இருக்கிறது என்றால் இரண்டே வழி. மூன்று பாக்கெட் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு சின்ன வோர்ட்டில் முதலில் ஈஸ்டைப் பெருக்கி, பிறகு பெரியதில் ஊற்றலாம். அந்தச் சின்ன வோர்ட்தான் ஸ்டார்ட்டர்.

சுற்றுவது என்ன செய்கிறது?

"ஸ்டிர் பிளேட் ஆக்சிஜனை உள்ளே தள்ளுகிறது, அதனால் ஈஸ்ட் மூச்சுவிட்டு வளர்கிறது" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பாதி சரி. ஈஸ்டுக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும்வரை, பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தாலும் அது நொதிக்கத்தான் செய்யும், மூச்சுவிட்டு எரிக்காது. இதற்கு கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். பேக்கரி ஈஸ்ட் தயாரிக்கும் ஆலைகள் இதைச் சமாளிக்க, சர்க்கரையை மொத்தமாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, கீழிருந்து காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். நம் பாஷையில் ரேட் லிமிட்டிங். நம் ஸ்டார்ட்டரில் சர்க்கரை முழுவதும் முதல் நாளே இருக்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது பேக்கரி ஆலை ஆகாது.

அப்படியானால் சுற்றுவதில் என்ன லாபம்? ஒன்று, ஈஸ்ட் அடியில் படியாது. ஒவ்வொரு செல்லும் சாப்பாட்டுக்கு நடுவிலேயே மிதக்கும். இரண்டு, கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறும். அது அதிகமானால் ஈஸ்டின் வளர்ச்சி மந்தமாகும். மூன்றாவதுதான் ஆக்சிஜன்: மேற்பரப்பு புரண்டுகொண்டே இருப்பதால் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது, அது மேலே சொன்ன ஸ்டெராலுக்குப் பயன்படுகிறது. எல்லாம் சேர்ந்தால் கணிசமான லாபம். பிரவ்கைசர் என்ற தளத்தை நடத்திய கை டிரோஸ்டர் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு, இன்று பல ஸ்டார்ட்டர் கால்குலேட்டர்களில் இருக்கிறது: ஸ்டிர் பிளேட்டில் ஒரு கிராம் மால்ட் பவுடருக்குச் சுமார் 140 கோடி புதுச் செல். அசையாமல் வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது.

நம் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் ஸ்டார்ட்டருக்கு 100 கிராம் மால்ட் பவுடர். 14,000 கோடி புதிதாக வரும், பாக்கெட்டில் இருந்த 6,000 கோடியோடு 20,000 கோடி. தேவை 18,000. முடிந்தது. சுற்றாமல் இதே எண்ணிக்கை வேண்டுமென்றால் இரண்டு லிட்டருக்கு மேல் ஸ்டார்ட்டர் போட வேண்டும். அதாவது, ஸ்டிர் பிளேட் சேமித்துக் கொடுப்பது மால்ட் பவுடரும், பாத்திர அளவும், ஒன்றிரண்டு நாளும். அவ்வளவுதான் அதன் மகிமை. மாயம் ஒன்றுமில்லை.

இதனால் சிலருக்கு இந்தக் கருவியே வேண்டாம். உலர் ஈஸ்ட் பயன்படுத்துபவர்கள் முதலில். உலர் ஈஸ்டைக் காற்றோடு வளர்த்து, ஸ்டெரால் கையிருப்போடுதான் உலர்த்துகிறார்கள். ஆலைகளே ஸ்டார்ட்டர் வேண்டாம் என்கின்றன. ஈஸ்ட் போதவில்லையா, இன்னொரு பாக்கெட் போடுங்கள். திரவ ஈஸ்டைவிட விலையும் குறைவு. நம் நேயருக்கும் மூன்றாவது தடவைக்கு அதைத்தான் சொன்னேன்: கருவி வாங்குவதற்கு முன் ஒரு தடவை உலர் ஈஸ்டில் காய்ச்சிப் பாருங்கள். அடுத்து, 'ஷேக்கன், நாட் ஸ்டர்ட்' என்று ஜேம்ஸ் பாண்ட் பாணியில் பெயர் வைத்து ஒரு கூட்டம் இருக்கிறது. நாலு லிட்டர் ஜாடியில் ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரை ஊற்றி, முழுக்க நுரையாகும்வரை பலமாகக் குலுக்கி, ஈஸ்டைப் போட்டு, அது சுறுசுறுப்பாக இருக்கும்போதே பெரிய வோர்ட்டில் ஊற்றிவிடுவார்கள். எண்ணிக்கையைவிட ஆரோக்கியம் முக்கியம் என்பது அவர்கள் கட்சி. ஏலுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. லாகருக்கும், பழைய பாக்கெட்டுக்கும், ஒரே பாக்கெட்டை மூன்று பேர் பங்கு போடுவதற்கும்தான் நான் ஸ்டிர் பிளேட்டை எடுக்கிறேன்.

செய்யலாமா?

காந்தத்தால் கலக்கும் யோசனை பழசு. ஆர்தர் ரோஸிங்கர் என்பவருக்கு அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது 1944 ஜூன் 6 அன்று. நார்மண்டிக் கடற்கரையில் படை இறங்கிய அதே நாள். பாத்திரத்துக்குள் உறை போட்ட ஒரு காந்தக் குச்சி, கீழே மோட்டாரில் இன்னொரு காந்தம். இன்றைக்கும் அதேதான். லேப் சாமான் விற்பவர்களிடம் ரெடிமேடாகக் கிடைக்கும். ஆனால் இது நம் கூட்டம். கையில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் இல்லாதவர் யார்?

வேண்டியவை: 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் ஃபேன். பழைய ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டர். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. 25 முதல் 40 மில்லிமீட்டர் நீளத்தில் டெஃப்லான் உறை போட்ட ஸ்டிர் பார், இதை மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். அடி தட்டையான இரண்டு லிட்டர் எர்லன்மேயர் ஃபிளாஸ்க். அப்புறம் காந்தம்.

காந்தத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டிர் பாரின் ஒரு முனை வடக்கு, மறுமுனை தெற்கு. அதனால் ஃபேனின் நடுக்குமிழ் மேல் ஒட்டும் இரண்டு நியோடிமியம் காந்தங்களில் ஒன்று வடக்கை மேலே காட்ட வேண்டும், மற்றது தெற்கை. இரண்டும் ஒரே முகம் காட்டினால் பார் நடுவில் நிற்காமல் தடுமாறும். கண்டுபிடிக்கச் சுலப வழி உண்டு: இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஒன்றையொன்று இழுத்தால் சரி. தள்ளினால் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அந்த வளைந்த காந்தத்தின் ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு; ஒன்றை நடுவில் ஒட்டினாலே போதும். அதைத் தகட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்கும். தகட்டின் இரு முனையையும் இரண்டு குறடால் பிடித்து லேசாக வளைத்தால் தானே விட்டுவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குமிழுக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இரும்பு வாஷரை வையுங்கள். ஃபேனுக்குள் ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. அதுதான் சுழலும் காந்தம் எங்கே இருக்கிறது என்று பார்த்து மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. மேலே பலமான காந்தம் வந்தால் அது குழம்பிப்போய் ஃபேன் கிளம்பவே மறுக்கும். வாஷர் அந்தக் காந்தப்புலத்தைத் தன் வழியாக வாங்கிக்கொள்கிறது. வாஷரும் காந்தமும் சரியாக மையத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டப்பா மேசையில் நடந்து போகும். ஃபேனை போல்ட், நட் வைத்து மூடியின் அடியில் தொங்கவிட்டு, காந்தம் மூடியைத் தொடாமல் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும்படி நட்டைத் திருகுங்கள். இடைவெளி கொஞ்சம் கூடினாலே பிடி வெகுவாகக் குறைந்துவிடும்.

வேகத்தை எப்படிக் குறைப்பது? இரண்டு அல்லது மூன்று கம்பி ஃபேன் என்றால் வோல்டேஜைக் குறையுங்கள். எல்எம்317 ஐசி, ஒரு பொட்டென்ஷியோமீட்டர் போதும். அந்த ஐசியே இரண்டு வோல்ட் போல் விழுங்கிவிடும், பரவாயில்லை, முழு வேகம் நமக்குத் தேவையே இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் தாங்கும் குறைந்த வோல்டேஜில் நின்ற ஃபேன் கிளம்பாது. முதலில் கொஞ்சம் கூட்டி, பிறகு குறையுங்கள். இந்த வகை ஃபேனின் சப்ளையையே பிடபிள்யூஎம் வைத்து வெட்டுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே இருக்கும் ஹால் சென்சாருக்கும் சேர்த்து மின்சாரம் போய்ப் போய் வரும், ஃபேன் முனகும். நான்கு கம்பி ஃபேன் என்றால் தனி பிடபிள்யூஎம் கம்பியே இருக்கிறது; அதற்கு 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் சாதாரண அனலாக்ரைட் தருவது சுமார் 490 ஹெர்ட்ஸ். டைமர் ரெஜிஸ்டரைத் தொட வேண்டியிருக்கும். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பவர்கள், கடையில் கிடைக்கும் நான்கு கம்பி ஃபேன் கன்ட்ரோலரை வாங்கிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியோடிமியம் காந்தம் இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். இடையில் மாட்டிய குடல் ரத்தம் இல்லாமல் ஓட்டையாகிவிடும். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மிச்சமான காந்தங்களை மேசை மேல் போட்டு வைக்காதீர்கள். ஒட்டியவற்றை எபாக்ஸியால் ஒட்டி, டப்பாவை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தால், இந்த டப்பா அவர்கள் கைபடாத இடத்தில் இருக்கட்டும்.

ஓட்டுவது

100 கிராம் மால்ட் பவுடர், மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்படி தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் நியூட்ரியன்ட். பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கட்டும். ஃபிளாஸ்க்கிலேயே கொதிக்கவைக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். பொரோசிலிகேட் கண்ணாடி தாங்கும்தான். ஆனால் பால் பொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குறுகிய கழுத்து வழியாக மால்ட் பொங்கினால் நமக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. நான் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, மூடி போட்டு, சிங்க்கில் குளிர்ந்த நீரில் வைத்து 20 டிகிரிக்கு வந்ததும், சானிடைசரில் அலசிய ஃபிளாஸ்க்கில் ஊற்றுகிறேன். ஸ்டிர் பாரும் சானிடைசரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகும். பிறகு ஈஸ்ட். நுரையைக் கட்டுப்படுத்தும் சொட்டு மருந்து இருந்தால் ஒரு சொட்டு.

வாயை அலுமினியம் ஃபாயிலால் தளர்வாக மூடுங்கள். ஏர்லாக் போடாதீர்கள். கார்பன் டைஆக்சைடு வெளியே போகவும் காற்று உள்ளே வரவும்தான் இவ்வளவு பாடு. ஏர்லாக் அதில் பாதியை அடைத்துவிடும். தூசி கீழ்நோக்கி விழும், ஃபாயிலைச் சுற்றி வளைந்து மேலே ஏறாது.

வேகத்தைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். ஸ்டிர் பாரும் கீழே உள்ள காந்தமும் சேர்ந்தால் அது ஒரு சிங்க்ரனஸ் மோட்டார். கீழே உள்ளது திடீரென்று வேகமெடுத்தால் மேலே உள்ளது பின்தங்கி, பிடி விட்டு, ஃபிளாஸ்க் ஓரத்தில் போய்க் கடகடவென்று ஆடும். வேகத்தை முழுக்க இறக்கி, ஃபிளாஸ்க்கை நகர்த்தி பாரை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, திரும்ப ஆரம்பியுங்கள். அடிக்கடி இப்படி நடந்தால் ஃபிளாஸ்க்கின் அடி குவிந்திருக்கிறதா, இடைவெளி கூடிவிட்டதா என்று பாருங்கள். மேற்பரப்பில் கன்னத்துக் குழி மாதிரி ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால் போதும். அடிவரை இறங்கும் சுழல் போட்டோவுக்கு அழகு, அவ்வளவுதான்.

ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள். பழுப்பாக இருந்தது பால் விட்ட காபி நிறத்துக்கு வெளுத்திருக்கும். அந்த நிறமே ஈஸ்ட்தான். இதற்கு மேல் சுற்றிக்கொண்டே வைத்தால் ஈஸ்டுக்கு நன்மை இல்லை, அடியில் உள்ள 'பியர்' காற்றுப்பட்டுக் கெடும். அந்தத் திரவம் எப்படியும் குடிக்க லாயக்கில்லாத சுவையில்தான் இருக்கும். ஆகவே ஃபிளாஸ்க்கை ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, ஈஸ்ட் வெள்ளையாக அடியில் படிந்ததும், மேலே உள்ளதைச் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். லாகருக்குக் கட்டாயம், ஏலில் ஒரு லிட்டரை 20 லிட்டரில் ஊற்றினாலும் பெரிதாகத் தெரியாது என்பவர்கள் உண்டு, எனக்குத் தெரிகிறது. அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, அதிலேயே ஈஸ்டைக் கலக்கி, வோர்ட்டின் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். ஊற்றும்போது ஃபிளாஸ்க்கின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தைப் பிடித்தால் ஸ்டிர் பார் அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பக்கெட்டுக்குள் விழாது. பெரிய வோர்ட்டையும் அதற்கு முன் நன்றாகக் குலுக்கிக் காற்றேற்ற மறக்காதீர்கள். ஸ்டார்ட்டரில் சம்பாதித்த ஸ்டெரால் 20 லிட்டர் முழுக்கப் போதாது.

ஒரே பாக்கெட்டைப் பலர் பங்கு போடுவது எப்படி என்று டொராண்டோ பக்கமிருந்து இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தேவைக்கு மேல் ஸ்டார்ட்டர் போடுங்கள்: 18,000 கோடி வேண்டுமென்றால் 28,000 கோடிக்குக் கணக்குப் பண்ணி, ஒன்றரை லிட்டரை ஒட்டிப் போட்டு, சுற்றி முடித்த கையோடு, படிவதற்கு முன்பே, மூன்றில் ஒரு பங்கை சானிடைசரில் அலசிய ஜாடியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்தவரின் 'பாக்கெட்' அதுதான். காய்ச்சிய பியரின் அடியிலிருந்து எடுப்பதைவிட இது சுத்தம்; ஹாப் கசடு கிடையாது, அதிக ஆல்கஹாலில் அடிபட்ட ஈஸ்டும் கிடையாது. மூடியை முதல் சில நாள் இறுக்காதீர்கள், மிச்ச நொதித்தலில் காஸ் சேர்ந்தால் கண்ணாடி ஜாடி வெடிக்கும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து சுத்தமான லாகர் ஈஸ்டை வளர்த்தெடுத்தபோது, கம்பெனி அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. ஓப்பன் சோர்ஸ் என்ற சொல் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னால்.

ஜாடி மேல் மூன்று விஷயம் எழுதி ஒட்டுங்கள்: ஈஸ்டின் பெயர், தேதி, எத்தனையாவது கை. நான்கைந்து கை மாறியதும் கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் வாங்கிவிடுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ, மேலே தோல் மாதிரி படலமோ இருந்தால் எத்தனையாவது கை என்று பார்க்கவே வேண்டாம், நேராக சிங்க்தான்.